வலிக்காத காலை

மருத்துவ மாணவர்கள் தாங்கள் தத்தெடுத்த நோயாளியின் வலியைத் தங்கள் உடம்பிலும் அனுபவிக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். அதை எழுதியவருக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெனிஷாவுக்கு வாய்த்தவர் சந்தனமாரி. அவர் காலை ஆறு மணிக்கு உப்பளத்தில் இறங்கினால், விடுதியில் இவளுக்கு முழங்கால் குத்தத் தொடங்கும். மூன்று வருடமாக ஓய்வெடுக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

இறுதித் தேர்வன்று எட்டு மணியாகியும் வலி வரவில்லை. சந்தனமாரியின் போனும் அணைந்திருந்தது. ஜெனிஷா பயந்துபோய், தேர்வை விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

சந்தனமாரி வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, உங்களுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வலியில்லாம பரீட்சை எழுதணும்னுதான் இன்னைக்கு வேலைக்குப் போவல. அதுக்குள்ளயா எழுதி முடிச்சிட்ட?"