பீரங்கியும் கப்பல் எலியும்

கரீபியன் கடலோரத்தில் ஒரு பழைய துறைமுக நகரம். அங்கே நின்ற சுற்றுலாக் கப்பலிலிருந்து பயணிகளோடு பயணியாக ஓர் எலியும் இறங்கியது. மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டியின் காலடியிலேயே ஓடி, அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு நகரச் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே உள்ளூர் எலி ஒன்று ரொட்டித் துணுக்கைக் கொறித்துக்கொண்டிருந்தது.

“அந்தச் சிலை யாருன்னு தெரியுமா?” என்று அதனிடம் கேட்டது கப்பல் எலி.

“தெரியாதுண்ணே. மத்தியானம் அதோட நிழல்லதான் இளநீர் வண்டி நிக்கும்.”

“இந்த ஊரையே பிடிச்ச தளபதிப்பா அவரு! சரி, அந்தப் பீரங்கியை எந்த ராஜா அனுப்பினாரு?”

“அதுவும் தெரியாது. ஆனா, அதுலதான்…”

“அதுகூடத் தெரியாதா? நானூறு வருஷத்துப் பீரங்கி! கொள்ளைக்காரங்க கப்பலை…”

அது சொல்லி முடிப்பதற்குள் பூனை ஒன்று பாய்ந்தது. உள்ளூர் எலி விருந்தாளியின் வாலைக் கவ்வி இழுத்துக்கொண்டு பீரங்கியின் வாய்க்குள் புகுந்தது. உள்ளே அதன் மூன்று குட்டிகள் வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்தன. பூனை கையை விட்டுத் துழாவியது. பாதித் தூரம்கூட எட்டவில்லை. சலித்துத் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் மற்ற எலிகள் சூழ்ந்துகொண்டு, “ஊர் எப்படி?” என்று கேட்டன.

“சதுக்கம் பிரமாதம்” என்றது கப்பல் எலி, வாலில் பதிந்திருந்த பல் தடத்தை நக்கிக்கொண்டே. “ஆனா அங்க இருக்கறவங்களுக்குத்தான், பாவம், சொந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியல. எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்துட்டு வந்தேன்.”