கயிறு அறுத்த வாரம்

விண்கலத் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும், அதை விடாமல் பார்க்கும் நண்பர்கள் ஐந்து பேரும் டெரன்ஸ் வீட்டு மாடியில் கூடி, கேப்டன் செய்தது சரியா தப்பா என்று ஓட்டெடுப்பார்கள். இந்த வாரம் அவள், கலத்துக்கு வெளியே நினைவில்லாமல் தொங்கிய தன் சகாவின் கயிற்றை அறுத்துவிட்டிருந்தாள். அறுப்பதற்கு முன் அவனுடைய ரேடியோவை நிறுத்தினாள்.

“மூச்சு மட்டுந்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இதுல என்ன பெரிய யோசனை?” என்றான் டெரன்ஸ்.

ஐவரில் மூத்தவளான அமலோற்பவம் மடியிலிருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டாள். அவள் தம்பி மூன்று வாரமாகச் செயற்கை மூச்சில் கிடக்கிறான். கருவியை எடுத்துவிடலாமா என்று மாலைக்குள் சொல்லும்படி டாக்டர் கேட்டிருந்தார். சொல்ல வேண்டியவள் அவள்தான். இங்கே யாருக்கும் அது தெரியாது.

“ரேடியோவ நிறுத்தினப்புறமும் அவனுக்கு ஏதாச்சும் கேட்டிருக்குமா?” என்றாள்.

“காத்தே இல்லாத எடத்துல எப்படிக்கா கேக்கும்? சயின்ஸ்ல பெயிலா நீங்க?” என்று பல்கீஸ் சிரித்தாள்.

ஓட்டு இரண்டுக்கு இரண்டாக நின்றது. அமலோற்பவத்தின் ஓட்டுதான் பாக்கி.

“அறுத்தது சரின்னா கையத் தூக்குங்கக்கா,” என்றான் டெரன்ஸ்.

அப்போது அவள் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண். எடுத்துக் காதில் வைத்தாள்.

“முடிவு பண்ணிட்டீங்களாம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

மாடியில் ஒரே கூச்சல். கொஞ்சம் சும்மா இருங்கள் என்று சொல்லத்தான் அவள் கையைத் தூக்கினாள்.

“மூணு!” என்று கத்தினான் டெரன்ஸ். “அக்காவும் அறுக்கச் சொல்லிட்டாங்கப்பா!”

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் காத்திருந்தார். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.