எனக்கு ஒண்ணு, நாய்க்கு ஆறா?

“இந்தச் சீட்டை எழுதினவங்களுக்குக் கணக்கு வராதா, இல்ல எங்க நாயைப் பிடிக்கலையா?”

மருந்துச் சீட்டை மருந்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் தட்டினார் ஓட்டுநர். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எடை எண்பத்தைந்து கிலோ. கால் நரம்பு வலிக்காகத் தினமும் படுக்கும்போது ஒரு மாத்திரை போடுகிறார். அதற்கே காலையில் மனைவி முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. அதே மாத்திரையை இருபது கிலோ நாய்க்கு, ஒரே வேளையில் ஆறு கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தது.

நாளைக் காலை நாயின் தையலைப் பிரிக்க வேண்டும். போன தடவை அது பயத்தில் நாலு பேரை உதறிவிட்டுத் துள்ளியதில் புண் கிழிந்து, மறுபடி தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் நாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இந்த மாத்திரை. குறைந்தால் புண் மறுபடி கிழியும். கூடினால் நாய் கண் விழிக்குமா என்பதே அவர் பயம். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் அவர் சொல்லைக் கேட்கிற ஒரே ஜீவன் அது.

“இதை எழுதின டாக்டர் நேத்து வேலைக்குச் சேர்ந்த சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்? நான் ஒரு அரை மாத்திரை குடுத்துப் பார்க்கறேன்.”

கடைக்கார அம்மாள் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மளமளவென்று நம்பரை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டார்.

“டாக்டர், மருந்துக் கடையிலேருந்து பேசறேன். இருபது கிலோ நாய்க்கு ஆறு எழுதியிருக்கீங்க. எதிர்ல நிக்கிறவர் எண்பத்தஞ்சு கிலோ, ஒண்ணுதான் சாப்பிடறாராம். கை தவறி எழுதிட்டீங்களா?”

மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல் நிதானமாகப் பதில் சொன்னது.

“இல்லைங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன். நாய் உடம்பு இந்த மருந்தை நம்மளவிடச் சீக்கிரமா வெளியேத்திடும். அதோட, அவருக்குக் குடுக்கறது வலிக்கு. இது பயத்துக்கு. மனுஷனைச் சின்னதாக்கினா நாய் ஆகிடாதுங்க.”

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கார அம்மாள் சிரிக்கவில்லை. சிறுநீரகம் கெட்டிருந்தால் என்ன ஆகும் என்று கிடுக்கிப்பிடி போட்டார். நேற்றே ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது என்று பதில் வந்தது. தள்ளாடினால் என்று இழுத்தார். தள்ளாடத்தான் செய்யும், மாடிப்படிப் பக்கம் மட்டும் விட வேண்டாம் என்றாள் டாக்டர். கடைசியில் அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஆறையும் நாய் விழுங்கணுமே. இதுவே மனுஷங்களுக்கு இனிப்பு சிரப்பா வருது. அதைக் குடுத்து அனுப்பிடட்டுமா, டாக்டர்?”

“அதைத் தொடவே கூடாதுங்க.” டாக்டரின் குரல் இறுகியது. “அதுல இனிப்புக்குச் சேர்க்கிற சரக்கு நமக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்கு விஷம். நம்பிக்கை இல்லைன்னா பாட்டிலைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க.”

ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. “போதும்மா, அந்தப் பொண்ணை விடுங்க. நீங்க நாயைக் கொன்னிருப்பீங்க, அது காப்பாத்திடுச்சு. பெத்தவங்க குடுத்து வச்சவங்க. ஆறையும் குடுங்க.”

அம்மாள் குனிந்த தலை நிமிராமல் மாத்திரைகளை உறையில் போட்டுக் கொடுத்தார். ஓட்டுநர் பத்தடி போன பிறகுதான் மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். அம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“பாஸ் பண்ணிட்டேனாம்மா? அஞ்சு வருஷமா சமையலறையில என் புத்தகத்தை வச்சுக்கிட்டு இதே கேள்வியைத்தான் கேட்டே. முதல் சீட்டுக்குமா கேட்கணும், அதுவும் அடுத்தவங்க முன்னாடி?”

“எனக்குத் தெரிஞ்சது அவருக்கும் தெரியணும்லடி,” என்றார் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சாயங்காலம் வரும்போது டிபன் டப்பாவை மறந்துடாதே.”