யார் துவைப்பது?

பிளித்தார் ஊர்ச் சந்தையில் எண்டாவும் அவள் கணவன் பிரமோனோவும் குழந்தைக்கு டயப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துணி டயப்பரே வாங்கலாம்" என்றான் அவன்.

"தினமும் யாருங்க துவைக்கிறது? தூக்கிப் போடறதையே வாங்குங்க."

கடைக்காரம்மா சிரித்தாள். "பெத்தவளுக்கு இவ்வளவு சோம்பேறித்தனம் ஆகாதும்மா!"

எண்டாவின் கண்கள் நிறைந்தன. "நாளைக்கு நான் ஹாங்காங் போறேன்க்கா, வேற ஒருத்தங்க குழந்தையைப் பாத்துக்கிற வேலைக்கு. துவைக்கப் போறது இவருதான். வயல் வேலையும் கிடக்கு, பாவம்."

கடைக்காரம்மா துணி டயப்பர்களை எடுத்து முன்னால் வைத்தாள்.

பிரமோனோ அவளிடம் சொன்னான்: "துணி டயப்பரோட மேலுறை மட்டும் குடுங்கக்கா. உள்ளே வைக்க இவளோட பழைய நைட்டியைக் கிழிச்சுக்கறேன். புள்ளைக்கு அம்மா வாசனை இருக்கட்டும்."

"துவைக்கத் துவைக்க வாசனை போயிடுமேங்க?" என்றாள் எண்டா.

"போறதுக்குள்ள நீ வந்துட மாட்டியா?"