வாய்க்கால் வழி

காலையில் அடங்கிய உயிர். பொழுது சாயப் போகிறது, சுப்பராயலு இன்னும் கூடத்திலேயே கிடந்தார்.

வாந்திபேதி கண்ட வீடு. பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆபீஸ் ஆள் வந்து வாசலில் சுண்ணாம்பைத் தெளித்தான். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தூர நின்றே சொல்லிவிட்டுப் போனான். யார் எடுப்பது என்று சொல்லவில்லை.

ஆண்டாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தாயிற்று. இப்போது பயம்தான் மிச்சம்.

பொங்கலன்று இதே கூடத்தில் இலைபோட்டுச் சாப்பிட்ட பங்காளிகள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. ஒருவரும் கெட்டவரில்லை. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, அவ்வளவுதான். கடலூரிலிருந்து ஓடிவந்த மகனை, நோய் பரவும் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கமே இங்கிலீஷ்காரன் சாவடியில் நிறுத்திவிட்டார்களாம்.

கொல்லைப்புறத்தில் செருமல் கேட்டது.

ஆண்டாள் வீட்டு நிலத்தில் வேலை செய்யும் மரியதாஸ். கூடவே அவன் பெண்டாட்டி ஆரோக்கியம். கையில் ஒரு பாயும் மூங்கில் கழியும். வழக்கம்போல மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஆண்டாளுக்குக் கூப்பிடத் தோன்றவும் இல்லை.

அவள் எழுந்து போய் முன்கதவைத் திறந்தாள். பிணம் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் இருவரும் அந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

பாயில் சுற்றி மூங்கிலில் கட்டினார்கள். வலித்துவிடும் என்பதுபோல மெதுவாகவே கயிற்றை இழுத்தான் மரியதாஸ். சிலுவை போட நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது.

"நாங்க செபம் சொல்லித்தான் தூக்குவோம். நீங்க இன்னா சொல்லுவீங்கம்மா?"

சொன்னாள். கோவிந்தா என்றார்கள் இருவரும், பழக்கமில்லாத குரலில்.

ஆரோக்கியம் முன்னால், மரியதாஸ் பின்னால். ஆண்டாள் கொள்ளிச்சட்டியோடு தொடர்ந்தாள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாதுதான். கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

சந்து முனைக்கு வந்ததும் ஆரோக்கியம் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள். அது வாய்க்காலுக்கு இறங்கும் வழி. அதன்பிறகு முழங்கால் சேறு. சுடுகாட்டுக்குத் தெரு நேராகவே போகிறது.

ஆண்டாள் நடையை எட்டிப் போட்டாள். பாதியில் போட்டுவிட்டுப் போகப் போகிறார்களா?

வழி மாறியதை ஆரோக்கியமும் உணர்ந்துவிட்டாள். நின்றாள். தோளில் கழி இருந்ததால் திரும்ப முடியாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"மன்னிச்சிக்கிங்கம்மா. எங்க பொண்ணத் தூக்கிக்கினு இப்பிடித்தான் போனோம். காலு அதுவா திரும்பிடுச்சி."

ஆண்டாள் முன்னால் வந்து நின்றாள். தெருப் பக்கம் கையை நீட்டினாள்.

போன ஐப்பசியில் அந்தச் சின்னப் பெட்டி இதே முனைக்கு வந்தபோது, தெருவில் வரக் கூடாதென்று வாய்க்கால் பக்கம் கையை நீட்டியவர், பாயில் கிடந்தார்.