யாரைக் கொல்லும்

மருந்துப் பாட்டில் புருஷன் கைக்குப் போவதற்குள் அவள் வாங்கிவிட்டாள். வாங்கியதைப் பைக்குள் போடாமல் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

பூச்சிமருந்துக் கடையில் யாரும் இப்படிச் செய்வதில்லை. நோய் விழுந்த இலையைப் பறித்துவந்து மேசையில் போடுவார்கள். கடைக்காரர் ஆவுடையப்பன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். எத்தனை மூடி என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சிப்போனால் பாட்டிலில் கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிவப்பு என்றால் நன்றாகக் கேட்கும் என்று எவனோ கிளப்பிவிட்டது.

போன வருடம் அவளும் அப்படித்தான் வாங்கிப் போனாள்.

மூன்றே நாளில் ஒன்றரை ஏக்கர் மிளகாயும் கருகி நின்றது.

மூடிக் கணக்குத் தெரியாமல் கூடுதலாக ஊற்றிவிட்டாள் என்றார் ஆவுடையப்பன். புருஷன் செல்லச்சாமி அதை ஊர் முழுக்கச் சொன்னான். அதன்பிறகு மருந்தை அவள் தொடக்கூடாது. வாங்குவதும் அவன், கலக்குவதும் அவன்.

அவள் இரண்டு மூடிதான் ஊற்றினாள். சாமி சத்தியமாக இரண்டே மூடி.

ஆடி மாதத்தில் ஒருநாள், பத்தாவது படிக்கும் மகள் இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ‘சைட்’ என்று முடிகிற வார்த்தைகள். அரசனைக் கொல்வது ஒன்று, தகப்பனைக் கொல்வது ஒன்று, பூச்சியைக் கொல்வது ஒன்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

அப்படியானால் பின்பாதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். கொல்லும்.

யாரை என்பது முன்பாதியில் இருக்கிறது.

எழுந்துபோய், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவைத்திருந்த போன வருடத்துக் காலிப் பாட்டிலை எடுத்துவந்து மகளிடம் காட்டினாள். மகள் வாசித்தாள்.

ஹெர்பிசைட். களையைக் கொல்வது.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எவன் நம்பப்போகிறான்? களைக்கு ஒரு வார்த்தை, பூச்சிக்கு ஒன்று, பூஞ்சணத்துக்கு ஒன்று, ஃபங்கிசைட். மூன்றையும் மகளிடம் கேட்டுக் கேட்டு, சுவரில் கரித்துண்டால் எழுதிப் பழகினாள். இலையில் புள்ளி விழட்டும் என்று காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைக்குப் புள்ளி விழுந்த இலையோடு வந்தாயிற்று. ஆவுடையப்பன் போனில் பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். போன வருடத்துப் பாட்டிலின் அதே கம்பெனி, மூடியும் அதே நிறம்.

முதல் எழுத்து எச்.

பாட்டிலை எழுத்துத் தெரியும்படி மேசையில் வைத்தாள்.

“அண்ணாச்சி, இது களையக் கொல்றது. எம் மிளகாயப் புடிச்சிருக்கது பூஞ்சணம். போன வருசமும் இதத்தான் குடுத்தீக.”

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள். ஆவுடையப்பன் போனை வைத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

செல்லச்சாமியின் முகம் செத்துப்போயிற்று.

அவளுக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

ஆவுடையப்பன் வேறொரு பாட்டிலை எடுத்து, பழக்கத்தில் செல்லச்சாமியிடமே நீட்டினார். அவன் வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் நீட்டினான்.

“சரியா இருக்கான்னு பாரு.”

எஃப் என்ற முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசிவரை வாசித்தாள்.

கடை மொத்தமும் காத்துக்கொண்டு நின்றது.