கண்ணுக்குக் கீழே

உடை என்பது ஒழிந்து ஒன்பது வருடமாகிறது. ஆணும் பெண்ணும் சமம், மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு ஊருக்கெல்லாம் மிஞ்சியது ஒரே மரியாதைதான்: யாரிடம் பேசினாலும் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும். பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கினால் வேலை போய்விடும். நில வரைபட அலுவலகத்தில் மாசிலாமணியைவிட அதில் கறாரானவர் கிடையாது.

பக்கத்து மேஜை வளர்மதி செவ்வாய்க்கிழமை வீட்டில் செத்துக் கிடந்தாள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவும் அவர் கண்ணையே பார்த்துத்தான் கேட்டார்.

"முதுகு பூரா சூடு வச்சிருக்கான் சார், புருஷன்காரன். சிலது மூணு மாசத்துப் புண்ணு. முப்பது பேர் இருக்கிற ஆபீஸு. மறைக்க ஒரு முந்தானைகூட கிடையாது. ஒருத்தர்கூடவா பாக்கல?"

"நாங்க அப்படியெல்லாம் பாக்கறதில்லீங்க மேடம்." மாசிலாமணியும் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"இல்லீங்க."

இன்ஸ்பெக்டரம்மா போன பிறகும் மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வளர்மதி அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்ணே" என்றாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

அவர் பதறிப்போய் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் பார்வையை இறக்கினார்.

மூன்று இறக்கைகள். ஒன்றில் ஒட்டடை. அது அப்படியே ஞாபகமிருக்கிறது.